இணையப் படிவத்துக்குத் தெரிந்த இரண்டு வினைச்சொற்கள்

மொன்றியலில் வாழும் நாம் ஆண்டு முழுவதும் இணையப் படிவங்களை நிரப்பிக்கொண்டே இருக்கிறோம். பிள்ளையைத் தமிழ் வகுப்பில் சேர்க்க ஒரு படிவம். கோயில் அபிஷேகத்துக்குப் பதிய ஒரு படிவம். ஊரில் காலமான உறவினருக்கு மரண அறிவித்தல் கொடுக்க ஒரு படிவம். குடிவரவு, மருத்துவக் காப்புறுதி, வீட்டு வாடகை என்று வந்துவிட்டால் கணக்கே இல்லை. எழுதுவது எம் பெயர், பிறந்த திகதி, கோப்பு இலக்கம், ஊரில் இருப்பவர்களின் விலாசம். கடைசியில் ‘அனுப்பு’ என்ற பொத்தானை அழுத்துகிறோம்.

அழுத்திய பின் உலாவி அந்தத் தகவல்களை எப்படி அனுப்புகிறது என்று நாம் யோசிப்பதில்லை. யோசிக்கத் தேவையில்லாமல் இருந்தால் நல்லதுதான். ஆனால் எமது சங்கங்கள், கோயில்கள், பழைய மாணவர் அமைப்புகள் ஆகியவற்றின் தளங்களில் பல, வேலை முடிந்து இரவில் கணினிமுன் அமரும் தன்னார்வத் தொண்டர்களால் உருவாக்கப்படுபவை. ஒரு படிவம் எந்தச் சொல்லைச் சொல்லி அனுப்பப்பட வேண்டும் என்பதை அவர்கள்தான் தீர்மானிக்கிறார்கள். அந்தச் சொல் தவறினால் ஒருவரின் கோப்பு இலக்கம் பொதுக் கணினி ஒன்றின் உலாவி வரலாற்றில் தங்கிவிடலாம். ஆகவே இந்த விடயத்தை நாம் எல்லோரும் விளங்கிக்கொள்வது பயனுள்ளது.

நெறிமுறையில் பல சொற்கள், படிவத்தில் இரண்டு

உலாவியும் இணையத்தளத்தின் வழங்கியும் பேசிக்கொள்ளும் நெறிமுறை எச்.ரி.ரி.பி. அந்தப் பேச்சில் ஒவ்வொரு கோரிக்கையும் ஒரு வினைச்சொல்லோடு தொடங்குகிறது. ‘கெற்’ என்றால் ‘எனக்கு இதைக் காட்டு’. ‘போஸ்ற்’ என்றால் ‘இதை வாங்கி, செய்ய வேண்டியதைச் செய்’. ‘புட்’ என்றால் ‘இந்த முகவரியில் இருப்பதை எடுத்துவிட்டு நான் தருவதை வை’. ‘டிலீற்’ என்றால் ‘இந்த முகவரியில் இருப்பதை நீக்கு’. இவை தவிர வேறு சில சொற்களும் உண்டு.

1991இல் ரிம் பேர்ணர்ஸ்-லீ வகுத்த முதல் நெறிமுறையில் ‘கெற்’ மட்டுமே இருந்தது. 1996 மே மாதம் வெளிவந்த 1.0 பதிப்பின் பிரதான பகுதி ‘கெற்’, ‘ஹெட்’, ‘போஸ்ற்’ என்ற மூன்றை விவரித்தது. ‘புட்’, ‘டிலீற்’ இரண்டும் பின்னிணைப்பில் இருந்தன. 1997 ஜனவரியில் வந்த 1.1 பதிப்பு அவற்றைப் பிரதான பகுதிக்குக் கொண்டுவந்தது.

ஆனால் பக்கங்களை எழுதும் மொழியான எச்.ரி.எம்.எல். இந்த வளர்ச்சியைப் பின்தொடரவில்லை. 1995 நவம்பரில் வந்த அதன் 2.0 பதிப்பு, படிவங்களுக்கு ‘கெற்’, ‘போஸ்ற்’ என்ற இரண்டை மட்டும் அனுமதித்தது. இன்றைக்கும் நிலைமை அதுதான். ‘டயலொக்’ என்ற மூன்றாவது சொல் ஒன்று பின்னர் சேர்க்கப்பட்டது. அது திரையில் தோன்றும் ஒரு பெட்டியை மூடுவதற்கு மட்டுமே உதவும். வழங்கிக்கு எதையும் அனுப்பாது.

இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு முக்கியமானது. ‘கெற்’ படிவத்தில் நீங்கள் எழுதியவை அனைத்தும் பக்கத்தின் முகவரியோடு ஒட்டிக்கொள்கின்றன. கேள்விக்குறி ஒன்று போட்டு, அதன்பின் ஒவ்வொரு கட்டத்தின் பெயரும் அதில் நீங்கள் எழுதியதும் வரிசையாக வரும். ‘போஸ்ற்’ படிவத்தில் அவை முகவரியில் வராமல் கோரிக்கையின் உடலுக்குள் போகின்றன. தபாலட்டையின் வெளிப்புறத்தில் எழுதுவதற்கும் கடித உறைக்குள் வைப்பதற்கும் உள்ள வேறுபாடு போன்றது இது.

1997 ஜனவரியும் மொன்றியலும்

எச்.ரி.ரி.பி.யின் 1.1 பதிப்பு வெளியான அதே 1997 ஜனவரியில் இன்னோர் ஆவணமும் வெளியானது. அதன் எண் ஆர்.எவ்.சி. 2070. எச்.ரி.எம்.எல். மொழியை உலக மொழிகள் அனைத்துக்கும் ஏற்றதாக மாற்றுவது அதன் நோக்கம். நான்கு ஆசிரியர்களில் முதலாமவர் பிரான்சுவா யேர்ஜோ. அவர் மொன்றியலில் இயங்கிய அலிஸ் ரெக்னோலொஜீஸ் என்ற நிறுவனத்தில் பணியாற்றியவர். பல மொழிகளைக் காட்டக்கூடிய ‘ராங்கோ’ என்ற உலாவியை அந்தக் காலத்திலேயே உருவாக்கிய நிறுவனம் அது. இணையத் தரங்களை வகுக்கும் ஐ.ஈ.ரி.எவ். அமைப்பு 1996 ஜூனில் தன் கூட்டத்தை நடத்தியதும் இந்த நகரில்தான்.

மொன்றியலில் இருந்து இப்படி ஓர் ஆவணம் வந்தது வியப்பல்ல. நகரத்தின் பிரெஞ்சுப் பெயரிலேயே மேற்குறி இட்ட ஓர் எழுத்து உண்டு. அந்த எழுத்து ஒரு குறியேற்றத்தில் ஓர் எண்ணாகவும் இன்னொன்றில் வேறோர் எண்ணாகவும் சேமிக்கப்படும். முகவரியிலோ ஆங்கில எழுத்துகளும் சில குறிகளும் மட்டுமே இடம்பெறலாம். மற்ற எழுத்துகளை நூற்றுவீதக் குறியும் அதைத் தொடரும் இரண்டு இலக்கங்களுமாக மாற்றித்தான் அனுப்ப வேண்டும். ஆனால் அந்த இலக்கங்கள் எந்தக் குறியேற்றத்தைச் சேர்ந்தவை என்று சொல்ல முகவரியில் இடமே இல்லை. அனுப்பியவர் ஒன்றை நினைத்து அனுப்ப, பெறுபவர் வேறொன்றாக வாசிப்பார்.

ஆர்.எவ்.சி. 2070 இந்தச் சிக்கலைத் தெளிவாக எடுத்துச் சொன்னது. அது காட்டிய சிறந்த தீர்வு, ‘போஸ்ற்’ சொல்லைப் பாவித்து, ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனிப் பகுதியாகப் பொதி செய்து அனுப்புவது. அப்படிச் செய்தால் ஒவ்வொரு பகுதியுடனும் அதன் குறியேற்றத்தையும் குறிப்பிடலாம். இந்தச் சிந்தனை அதே ஆண்டு டிசெம்பரில் வந்த எச்.ரி.எம்.எல். 4.0 பதிப்பில் சேர்ந்துகொண்டது. 1999 டிசெம்பரில் வந்த 4.01 பதிப்பும் ‘கெற்’ படிவம் ஆங்கில அடிப்படை எழுத்துகளுக்கு மட்டுமே உரியது என்றும், உலக எழுத்துகள் முழுவதையும் அனுப்பப் ‘போஸ்ற்’தான் வகுக்கப்பட்ட வழி என்றும் குறிப்பிட்டது. அதாவது, விதிப்படி பார்த்தால் அந்தக் காலத்தில் தமிழில் எழுதிய ஒன்றைக் ‘கெற்’ படிவத்தால் அனுப்ப முடியாது.

நடைமுறையில் நாம் பாமினி எழுத்துருவை வைத்துச் சமாளித்தோம். பாமினியில் ‘அம்மா’ என்று தட்டினால் கணினி சேமிப்பது நான்கு ஆங்கில எழுத்துகளையும் ஓர் அரைப்புள்ளியையும்தான். வழங்கிக்கு அது ஆங்கிலம். எழுத்துரு உள்ள கணினியில் மட்டும் அது தமிழாகத் தெரியும். யூனிகோட் வந்த புதிதிலும் தொல்லை தீரவில்லை. பக்கம் மேலைத்தேயக் குறியேற்றத்தில் இருந்தால், உலாவி ஒவ்வொரு தமிழ் எழுத்தையும் ஓர் எண்ணாக மாற்றி அனுப்பியது. பழைய விருந்தினர் பதிவேடுகளில் ‘அ’ இருக்க வேண்டிய இடத்தில் 2949 என்ற எண் குறிகளோடு நிற்பதைப் பார்த்தவர்கள் எம்மில் உண்டு. யூனிகோட்டில் ‘அ’வின் எண் அதுதான்.

இந்தக் குழப்பத்தைத் தீர்த்தது யூ.ரி.எவ்.-8 என்ற குறியேற்றம். அதை 1992இல் வடிவமைத்தவர்கள் கென் தொம்சனும் ரொப் பைக்கும். அதை இணையத் தரமாக எழுதிவைத்த ஆவணங்கள் 1996, 1998, 2003 ஆகிய ஆண்டுகளில் வெளியாகின. மூன்றின் ஆசிரியரும் அதே மொன்றியல்வாசியான யேர்ஜோதான். இன்று நாம் தமிழில் ஒரு தேடலை எழுதி அது சரியாக விளங்கிக்கொள்ளப்படுகிறது என்றால், பக்கமும் படிவமும் வழங்கியும் அந்த ஒரே குறியேற்றத்தைப் பேசுவதே காரணம்.

ஓர் எழுத்துக்கு ஒன்பது இடம்

ஒரு தமிழ்க் கட்டுரையின் இணைப்பை வட்ஸ்அப்பில் பகிரும்போது நூற்றுவீதக் குறிகளும் இலக்கங்களும் திரை நிறைய வருவதைப் பார்த்திருப்பீர்கள். அது வைரஸ் அல்ல. யூ.ரி.எவ்.-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைற்றுகள். முகவரியில் ஒவ்வொரு பைற்றும் மூன்று இடங்களைப் பிடிக்கிறது. ஆகவே ஒரு குறிக்கு ஒன்பது இடம். ‘அம்மா’ என்ற சொல்லில் அகரம், மகரம், புள்ளி, மகரம், அரவு என ஐந்து குறிகள். மொத்தம் 45 இடங்கள்.

இதன் விளைவைக் கணக்கிட்டுப் பாருங்கள். நீண்டகாலம் பாவனையில் இருந்த இன்ரநெற் எக்ஸ்புளோரர் உலாவி 2,083 இடங்களுக்கு மேற்பட்ட முகவரியை ஏற்காது. அதை ஒன்பதால் வகுத்தால் 231 தமிழ்க் குறிகள். ஏறத்தாழ இருபத்தைந்து, முப்பது சொற்கள். ஆங்கிலத்தில் ஒரு முழுக் கடிதம் அடங்கும் இடத்தில் தமிழில் ஓர் அனுதாபச் செய்தியின் முதல் இரண்டு வசனங்கள்தான் அடங்கும். இன்றைய உலாவிகள் நீண்ட முகவரிகளை ஏற்கின்றன. ஆனால் வழங்கிகளுக்கு இன்னமும் எல்லை உண்டு. பரவலாகப் பாவிக்கப்படும் அப்பாச்சி வழங்கியின் இயல்பான எல்லை கோரிக்கையின் முதல் வரிக்கு 8,190 பைற்றுகள். ஆங்கிலத்தில் சோதித்துப் பார்த்துச் சரி என்று விட்ட ஒரு ‘கெற்’ படிவம், பாட்டி ஒருவர் தமிழில் நான்கு பந்தி எழுதியதும் உடைந்துபோகலாம்.

மற்றச் சொற்கள் ஏன் வரவில்லை?

எச்.ரி.எம்.எல். 5 உருவான காலத்தில் ‘புட்’, ‘டிலீற்’ இரண்டையும் படிவங்களுக்குத் தரலாம் என்ற முயற்சி நடந்தது. வரைவில் அவை சில காலம் இடம்பெற்றன. பயர்பொக்ஸ் 4இன் சோதனைப் பதிப்பு அவற்றை ஏற்றது. ஆனால் 2011 மார்ச்சில் இறுதிப் பதிப்பு வருமுன் அந்த வசதி அகற்றப்பட்டது. 2014 ஒக்ரோபரில் எச்.ரி.எம்.எல். 5 அதிகாரபூர்வ தரமானபோது படிவங்களுக்குப் பழைய இரண்டு சொற்களே மிஞ்சின.

எதிர்த்தவர்களின் காரணங்கள் அற்பமானவை அல்ல. ‘புட்’ என்பது ஒரு முகவரியில் முழுப் பொருளையும் வைப்பது. கட்டங்களில் எழுதிய துண்டுத் தகவல்களை அப்படியே வைப்பதில் பொருளில்லை என்றார்கள். ‘டிலீற்’ கோரிக்கைக்கு உள்ளடக்கமே தேவையில்லை. பிறகு படிவம் எதற்கு என்று கேட்டார்கள். நீக்கி முடிந்ததும் உலாவி எந்தப் பக்கத்தைக் காட்ட வேண்டும் என்பதும் தெளிவாக இருக்கவில்லை.

பாதுகாப்பும் ஒரு கேள்வி. ஒரு தளத்தில் உள்ள படிவம் இன்னொரு தளத்துக்குத் தகவல் அனுப்ப இணையம் ஆரம்பத்திலிருந்தே இடம் கொடுக்கிறது. ஒரு மோசடித் தளம் உங்கள் பெயரில் உங்கள் வங்கிக்குப் படிவம் அனுப்ப முயல்வது இந்த வழியால்தான். ‘டிலீற்’ போன்ற சொற்கள் வேறொரு தளத்தின் படிவத்திலிருந்து வராது என்று நம்பிக் கட்டப்பட்ட வழங்கிகள் பல. படிவத்துக்கு அந்தச் சொல்லைக் கொடுத்தால் அந்த நம்பிக்கை உடையும்.

மறுபக்கத்தில் இருப்பவர்களின் வாதமும் வலுவானது. ‘புட்’ சொல்லை இரண்டு தடவை சொன்னாலும் விளைவு ஒன்றுதான். ‘போஸ்ற்’ அப்படி அல்ல. சுரங்க ரயிலில் இணைப்பு அறுந்து, நீங்கள் பொத்தானை மறுபடியும் அழுத்தினால், ஒரே அனுதாபச் செய்தி இரண்டு தடவை பதிவாகலாம். ஒரே நன்கொடை இரண்டு தடவை வங்கிக் கணக்கிலிருந்து கழியலாம். ‘படிவத்தை மீண்டும் அனுப்பவா?’ என்று உலாவி கேட்பது இதனால்தான். படிவங்களுக்குக் கூடுதல் சொற்கள் தரவேண்டும் என்ற யோசனை அண்மைய ஆண்டுகளிலும் மீண்டும் முன்வைக்கப்பட்டுள்ளது.

இதற்கிடையில் நிரலாளர்கள் சுற்றுவழி ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். ரூபி ஒன் ரெயில்ஸ், லாரவெல் போன்ற கட்டமைப்புகளில், படிவம் வெளியே ‘போஸ்ற்’ என்றுதான் போகும். உள்ளே மறைந்த ஒரு கட்டத்தில் ‘உண்மையில் இது டிலீற்’ என்று எழுதியிருக்கும். வழங்கி அதை வாசித்து அதன்படி நடக்கும். ஜாவாஸ்கிரிப்ற் நிரல் வழியாக எந்தச் சொல்லையும் நேரடியாக அனுப்பவும் முடியும். ஆனால் அந்த நிரல் ஓடாத பழைய கைத்தொலைபேசியில் அந்தப் பொத்தான் வெறும் படமாகவே இருக்கும்.

தெரியாத சொல்லைக் கொடுத்தால்

தன்னார்வமாகத் தளம் நடத்துபவர்கள் மனதில் கொள்ள வேண்டிய இடம் இது. ஒரு படிவத்தில் ‘டிலீற்’ என்று எழுதினால் உலாவி பிழை என்று சொல்லாது. எச்சரிக்காது. தனக்குத் தெரியாத சொல் வந்தால் அதைக் ‘கெற்’ என்றே எடுத்துக்கொள்ளும். சொல்லையே எழுத மறந்தாலும் ‘கெற்’தான். படிவம் வேலை செய்வதுபோலவே தோன்றும். ஆனால் உள்ளே எழுதிய பெயர், தொலைபேசி எண், கோப்பு இலக்கம் யாவும் முகவரிப் பட்டிக்கு வந்துவிடும்.

முகவரிக்கு வந்தது பல இடங்களில் தங்கும். உலாவியின் வரலாற்றில் இருக்கும். வழங்கியின் நாட்பதிவில் எழுதப்படும். இணைப்பைப் பிரதியெடுத்து இன்னொருவருக்கு அனுப்பினால் அதனுடனேயே போகும். கோட்-டெ-நேஜ் அல்லது பார்க்-எக்ஸ்ரென்சன் நூலகக் கணினியிலோ, வீட்டில் எல்லோரும் பாவிக்கும் மடிக்கணினியிலோ படிவத்தை நிரப்பும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். பூட்டுச் சின்னம் உள்ள பாதுகாப்பான இணைப்பு, தகவல் வழியில் திருடப்படாமல் காக்கும். ஆனால் இரு முனைகளிலும் எழுதப்பட்டு நிற்பதை அது அழிக்காது. அகதி விண்ணப்பமும் ஊரில் இருக்கும் குடும்பத்தின் விலாசமும் சம்பந்தப்பட்ட எமது சமூகத்துக்கு இது சிறிய விடயமல்ல.

எதிர்த்திசைத் தவறும் உண்டு: ‘நீக்கு’ என்ற செயலைச் சாதாரண இணைப்பாக வைப்பது. இணைப்பை அழுத்துவது எப்போதும் ‘கெற்’. ‘கெற்’ என்றால் காட்டு என்று மட்டுமே பொருள் என்று நம்பி, தேடுபொறிகளும் வேறு நிரல்களும் இணைப்புகளைத் தாமாகவே திறந்து பார்க்கும். 2005 மே மாதம் கூகிள் ஒரு வேகமூட்டி நிரலை வெளியிட்டது. பாவனையாளர் அழுத்துமுன்பே பக்கத்தில் உள்ள இணைப்புகளை அது திறந்துவைத்தது. ‘நீக்கு’ என்பதை இணைப்பாக வைத்திருந்த சில சேவைகளில் மக்களின் தரவுகள் அவர்கள் அறியாமலே அழிந்தன. நிரல் நெறிமுறையை மீறவில்லை, தளங்களே மீறியிருந்தன.

நாம் செய்யக்கூடியவை

தளம் நடத்துபவர்களுக்கு: தேடல், பட்டியலை வடிகட்டல் போன்ற, எதையும் மாற்றாத படிவங்களுக்குக் ‘கெற்’ பொருத்தம், அதன் பயன், தேடல் முடிவை இணைப்பாகப் பகிர முடிவது. பெயர், பிறந்த திகதி, இலக்கங்கள், பணம், நீண்ட தமிழ்ச் செய்தி எதுவானாலும் ‘போஸ்ற்’. தேடல் பெட்டியாக இருந்தாலும், அதில் எழுதப்படுவது ஒருவரின் மருத்துவக் காப்புறுதி எண் என்றால் ‘போஸ்ற்’தான். படிவம் வந்து சேர்ந்ததும் நன்றிப் பக்கம் ஒன்றுக்குத் திருப்பிவிடுங்கள். அப்போது பக்கத்தைப் புதுப்பித்தாலும் பதிவு இரட்டிக்காது. பக்கத்தின் குறியேற்றம் யூ.ரி.எவ்.-8 என்று அறிவியுங்கள். கடைசியில் தமிழில் நீண்ட செய்தி எழுதிச் சோதியுங்கள்.

படிவம் நிரப்புபவர்களுக்கு: ‘அனுப்பு’ அழுத்திய பின் முகவரிப் பட்டியை ஒருதடவை பாருங்கள். நீங்கள் எழுதிய பெயரோ இலக்கமோ அங்கே தெரிந்தால், அந்த இணைப்பை எவருடனும் பகிராதீர்கள்; உலாவி வரலாற்றிலிருந்து அதை நீக்குங்கள்; தளத்தை நடத்துபவருக்கு அறிவியுங்கள். பெரும்பாலும் ஒரே ஒரு சொல்லை மாற்றினால் திருந்திவிடும் குறை அது.

கியூபெக்கின் 25ஆம் சட்டம் 2021இல் நிறைவேறி, 2022 முதல் 2024 வரை ஒவ்வோர் ஆண்டும் செப்ரெம்பர் 22ஆம் திகதி கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வந்தது. தனிப்பட்ட தகவலைச் சேகரிக்கும் நிறுவனத்தில் அதற்குப் பொறுப்பான ஒருவர் இருக்க வேண்டும். வேறு எவரும் நியமிக்கப்படாவிட்டால் மிக உயர்ந்த அதிகாரம் கொண்டவரே அந்தப் பொறுப்பாளர். சேகரித்த நோக்கம் நிறைவேறியதும் தகவலை அழிக்க வேண்டும், அல்லது யாருடையது என்று அறிய முடியாதபடி மாற்ற வேண்டும். ஒவ்வொரு சிறிய சங்கத்துக்கும் சட்டம் நேரடியாகப் பொருந்தினாலும் பொருந்தாவிட்டாலும், எமது அமைப்புகள் பின்பற்றத்தக்க நல்ல அளவுகோல் அது.

உலாவியின் படிவத்துக்கு ‘அழி’ என்று சொல்லத் தெரியாது. ‘காட்டு’, ‘வாங்கிக்கொள்’ என்ற இரண்டுதான் தெரியும். ‘நீக்கு’ என்று பொத்தானில் எழுதியிருந்தாலும் வழங்கிக்குப் போவது ஒரு வேண்டுகோள் மட்டுமே. தகவல் உண்மையில் அழிந்ததா என்பது மறுமுனையில் தளத்தை எழுதியவரின் கையில் இருக்கிறது. உங்கள் சங்கத்தின் அடுத்த பொதுக்கூட்டத்தில் வரவு செலவோடு சேர்த்து இதையும் கேளுங்கள்: எமது படிவங்கள் எந்தச் சொல்லால் போகின்றன, வந்து சேர்ந்தவை எங்கே இருக்கின்றன, யார் எப்போது அவற்றை அழிக்கிறார்கள்?